எல்லைக்கோடும் குடியிருக்க ஒரு வீடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கான்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் கிளையொன்றின் அடியில், சூப்பாய் என்றொரு சிற்றூர் உண்டு. ஹவசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவ்வூருக்குச் சாலை கிடையாது. சுமார் 8 மைல் மலைப்பாதையில் கால்நடையாகவோ குதிரையின்மீதோ செல்லவேண்டும். இல்லையேல் ஹெலிகாப்டரில் இறங்கவேண்டும். தபால் மூட்டை கோவேறு கழுதையின் முதுகில் போகிறது. ஆயினும், அரசாங்கக் கணக்கில் அவ்வூர் ஒரு மாநகர வட்டாரத்தைச் சேர்ந்தது!

இது எவ்வாறு நேர்ந்தது? இதனால் யாருக்கு என்ன? கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றினும், இக்கேள்விகளுக்கான விடையில் இலட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் கூரையும் சுவரும் அடங்கியிருக்கின்றன. ஊர் எது, நகரம் எது என்று வகுக்கும் கோடு, வீட்டுவசதி உதவி யாருக்கு எவ்வளவு என்பதையும் வகுத்துவிடுகிறது. அது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் சற்று விளக்கமாகக் காண்போம்.

கோடு இழுப்பவர் யார்?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் கவுண்டி எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதனை ஏறத்தாழ நம் தாலுகா அல்லது ஜில்லாவுக்கு ஒப்பிடலாம். மாநகர வட்டாரங்களை வகுக்கும் பொறுப்பு, ஜனாதிபதியின் நிர்வாகத்தைச் சார்ந்த வரவுசெலவு அலுவலகத்துக்கு உரியது. 1950ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கெடுப்புக்காக இம்முறை முதன்முதலில் நாடு முழுவதற்கும் ஒரே சீராக வகுக்கப்பட்டது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய 390 மாநகர வட்டாரங்கள் உள்ளன.

விதி சுருக்கமானது. 50,000 பேருக்குக் குறையாத நகரப் பகுதி ஒன்று நடுவில் இருக்கவேண்டும். அது அமைந்துள்ள கவுண்டி முழுவதும் மாநகர வட்டாரமாகும். பக்கத்துக் கவுண்டியில் வேலை செய்வோருள் 100க்கு 25 பேர் இந்நடுப்பகுதிக்கு வந்து தொழில் செய்துவிட்டுத் திரும்புவார்களாயின், அக்கவுண்டியும் சேர்த்துக்கொள்ளப்படும். அங்குள்ள வேலைகளில் கால்பங்கை நடுப்பகுதியில் குடியிருப்போர் செய்துவந்தாலும் அவ்வாறே சேரும். நடுநகரில் 10,000க்கு மேலும் 50,000க்குக் குறைவாகவும் மக்கள் இருந்தால், அது சிறுநகர வட்டாரம் என்னும் தனி வகையில் அடங்கும்.

இவ்விதியில் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஒன்று, மக்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் கொண்டு கோடு இழுக்கப்படுகிறது. வீட்டு வாடகை எங்கே எவ்வளவு என்பதைக் கொண்டு அன்று. மற்றொன்று, கவுண்டியைத் துண்டாக்குவதில்லை. சேர்த்தால் முழுவதையும் சேர்க்கவேண்டும். அரிசோனாவின் கோகோனினோ கவுண்டியில் பிளாக்ஸ்டாஃப் என்னும் நகரம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அங்கே சுமார் 77,000 மக்கள் இருந்தனர். அவ்வொரு நகரத்தை முன்னிட்டு, சுமார் 48,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்கவுண்டி முழுவதும் மாநகர வட்டாரமாயிற்று. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலம் அது. சூப்பாயும் அதனுள் அகப்பட்டுக்கொண்டது.

கணக்குக்காக எழுந்த கோடு

இக்கோடுகள் புள்ளிவிவரக் கணக்குக்காகவே வகுக்கப்படுகின்றன என்றும், உதவித் திட்டங்களுக்குப் பணம் பங்கிட அப்படியே எடுத்தாளத் தக்கவையல்ல என்றும் வரவுசெலவு அலுவலகமே பலமுறை எச்சரித்துள்ளது. ஆயினும், வேறோர் அளவுகோல் ஆயத்தமாகக் கையில் இல்லாதபோது, இருப்பதை எடுத்துக்கொள்வது நிர்வாகத்தின் இயல்பு. நெல் அளக்க வைத்த மரக்காலால் எண்ணெயும் அளக்கத் தொடங்கியதுபோல் ஆயிற்று. 1965இல் ஏற்பட்ட வீட்டுவசதி நகர வளர்ச்சி இலாகா, வாடகை உதவியையும் வருமான வரம்பையும் பெரும்பாலும் இவ்வட்டாரங்களை அடிப்படையாகக் கொண்டே கணக்கிட்டு வருகிறது.

நியாய வாடகை என்னும் எண்

அமெரிக்க அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை உதவிச் சீட்டு வழங்குகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கிளைத்த முறை இது. குடும்பம் தனக்கு வேண்டிய வீட்டைத் தனியாரிடமே பார்த்துக்கொள்ளலாம். அது தன் கணக்கிடப்பட்ட வருமானத்தில் 100க்கு 30 பங்கைச் செலுத்தும். மீதியை அரசாங்கம் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். ஆனால், எவ்வளவு வாடகை வரைக்கும் கொடுக்கும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்புக்கு ஆதாரமாக, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆண்டுதோறும் நியாயச் சந்தை வாடகை என்னும் ஓர் எண் வெளியிடப்படுகிறது. வட்டாரத்தில் அண்மையில் குடிவந்தோர் கொடுக்கும் வாடகைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, 100இல் 40ஆவது இடத்தில் நிற்பதை எடுத்துக்கொள்வது பொதுவான முறை. உள்ளூர் வீட்டு அதிகாரிகள் அவ்வெண்ணுக்கு 100க்கு 90 முதல் 110 வரை தங்கள் வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

வட்டாரம் பெரிதாயின் இவ்வெண் யாருடைய எண்? வாடகைக் குடிகள் மிகுதியாக உள்ள இடத்தின் எண்ணே அது. பிளாக்ஸ்டாஃப் நகருக்கும், அதிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் யூட்டா மாநில எல்லையில் 1957இல் அணைக்கட்டுத் தொழிலாளருக்காக எழுந்த பேஜ் என்னும் ஊருக்கும் ஒரே நியாய வாடகைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தின் நியாய வாடகை மாதம் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 2,000 டாலர். அதன் பங்கு 600 டாலர். நல்ல பள்ளிக்கூடமும் வேலை வாய்ப்பும் உள்ள பகுதியில் ஒரு வீட்டின் வாடகை 1,900 டாலர். அதிகாரிகள் வரம்பை 110 விழுக்காடாக, அதாவது 1,650 டாலராக உயர்த்தினாலும், அரசாங்கம் கொடுப்பது 1,050 டாலர். மீதி 850 டாலரைக் குடும்பமே கொடுக்கவேண்டும். ஆனால், வரம்புக்கு மேற்பட்ட வாடகையுள்ள வீட்டில் புதிதாகக் குடியேறும்போது, குடும்பத்தின் பங்கு வருமானத்தில் 100க்கு 40ஐத் தாண்டலாகாது என்பது விதி. அஃதாவது 800 டாலர். ஆகவே 50 டாலர் வித்தியாசத்தில் அவ்வீடு கைநழுவிப் போகிறது. அதே வட்டாரத்தின் நலிந்த பகுதியில் 1,100 டாலர் வாடகைக்கு எத்தனையோ வீடுகள் உண்டு. சீட்டுப் பெற்றவர்கள் மீண்டும் மீண்டும் அங்கேயே போய்ச் சேர்கிறார்கள். ஏழைகள் ஓரிடத்தில் குவிவதைத் தடுக்க எண்ணிய உதவி, கோட்டின் காரணமாகக் குவியலுக்கே துணைசெய்கிறது.

இதற்கு மாற்று ஒன்றும் காணப்பட்டுள்ளது. டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லாஸ் வட்டாரத்தில், ஒரு வழக்கின் விளைவாக, 2011 முதல் தபால் பின்கோடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாய வாடகை வகுக்கப்பட்டது. செலவு மிகாமலே சீட்டுக் குடும்பங்கள் முன்னிலும் நல்ல பகுதிகளுக்குச் செல்லக் கண்டதாகப் பொருளியல் ஆய்வாளர்கள் எழுதினர். 2016இல் இம்முறை 24 மாநகர வட்டாரங்களுக்கு விதியாக்கப்பட்டது; 2025இல் மேலும் பல வட்டாரங்களுக்கு விரிந்தது. பெரிய கோட்டை அழிக்காமலே அதனுள் சிறிய கோடுகளை இழுத்துக்கொண்டது நல்ல யோசனையே.

யார் ஏழை?

அடுத்தது வருமான வரம்பு. வட்டாரத்தின் குடும்பங்களை எல்லாம் வருமான வரிசையில் நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் இடைநிலை வருமானம் எனப்படும். நால்வர் கொண்ட குடும்பத்தை அளவாக வைத்து, அதில் 100க்கு 80க்கு உட்பட்டோர் குறைந்த வருமானத்தார், 50க்கு உட்பட்டோர் மிகக் குறைந்த வருமானத்தார், ஏறத்தாழ 30க்கு உட்பட்டோர் வறியோர் என்று வகுக்கின்றனர். ஒருவர் ஏழையா என்பது அவர் கையிலுள்ள பணத்தை மட்டும் பொறுத்ததன்று. அவரை யாருடன் சேர்த்து வரிசையில் நிறுத்தினார்கள் என்பதையும் பொறுத்தது.

இதை நம் சங்கத்தின் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு சங்கத்தில் 60 பட்டு நெசவாளரும் 40 பருத்தி நெசவாளரும் இருப்பதாகக் கொள்வோம். பட்டுக்கு நாட்கூலி 800 ரூபாய். பருத்திக்கு 350 ரூபாய். நூறு பேரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பட்டு நெசவாளரே. அவருடைய கூலியில் 100க்கு 60, அதாவது 480 ரூபாய் பெறுவோருக்கு ஏற்ற வாடகையில் வீடு கட்டித் தருகிறோம் என்றால், 350 ரூபாய் பெறுபவர் அந்த வாடகையை எங்ஙனம் கொடுப்பார்? வீடு எழும், அவருக்கு அது எட்டாது.

வாஷிங்டன் நகரில் நடப்பது இதுவே. தலைநகரின் பழைய தொழிலாளர் பகுதிகளும், நாட்டின் மிகச் செல்வந்தக் கவுண்டிகளுள் சேர்ந்த பேர்பாக்ஸ், லவுடன் முதலியவையும் ஒரே வட்டாரம். 2024ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,54,700 டாலர் என்று இலாகா அறிவித்தது. 1986 முதல் நடைமுறையில் உள்ள வரிச்சலுகைத் திட்டத்தில், தனியார் கட்டும் வீடுகளுக்குப் பெரும்பாலும் இதில் 100க்கு 60 பங்கு வருமானமே அளவு. அது 92,820 டாலர். அதில் 30 விழுக்காடு வாடகை என்றால் மாதம் சுமார் 2,320 டாலர் வரை வாங்கலாம். ஆண்டுக்கு 40,000 டாலர் ஈட்டும் குடும்பம் அவ்வளவு கொடுத்தால், வருமானத்தில் பத்தில் ஏழு பங்கு வாடகைக்கே போய்விடும்! பக்கத்துக் கவுண்டியின் செல்வம் அக்குடும்பத்துக்கு ஒரு பிடி அரிசியும் தரவில்லை. வாடகையை மட்டும் உயர்த்திவிட்டது.

வரம்பு உயர்ந்தால் தகுதி பெறுவோர் பெருகுவார்களே, அது நன்மையல்லவா என்று கேட்கலாம். ஆனால், வாடகை உதவிக்கு ஒதுக்கப்படும் பணம் அதற்கேற்பப் பெருகுவதில்லை. தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் மத்திய அரசாங்கத்தின் வாடகை உதவி கிடைக்கிறது. பந்தியில் இலை கூடாமல் வரிசை மட்டும் நீண்டால் பின்னால் நிற்பவனுக்கு என்ன பயன்? இதையுணர்ந்தே, புதிதாகச் சீட்டுப் பெறுவோரில் 100க்கு 75 பேர் வறியோர் வகுப்பினராக இருக்கவேண்டும் என்று சட்டம் விதித்துள்ளது.

ஊரகத்தாரின் துயரம்

இதுவரை மாநகர வட்டாரத்தின் உள்ளே நிகழ்வதைக் கண்டோம். கோடு நகர்ந்து வந்து ஒரு சிற்றூரை உள்ளே இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், குடியானவர்கள் வீடு கட்டிக்கொள்ளக் கடன் கொடுக்க வகைசெய்தது. அதன் வழிவந்த திட்டங்களை இன்று விவசாய இலாகா நடத்துகிறது. குறைந்த வருமானத்தாருக்கு முன்பணம் இல்லாமலே 33 ஆண்டு தவணையில் கடன். மிக எளியவர்க்கு வட்டிச் சுமை 100க்கு 1 வரை இறங்கும். நகரவாசிகளுக்குக் கிட்டாத அரிய உதவி இது. ஆனால் ஊரகம் என்பதற்கு இலக்கணம் உண்டு. 2,500 பேர் வரை உள்ள ஊர் ஊரகம். 10,000 வரை இருந்தாலும் ஊரகத் தன்மை உடையதாயின் சேரும். 10,000க்கு மேல் 20,000 வரை உள்ள ஊராயின், கடன் வசதி அரிதாக இருக்கவேண்டும். அதனுடன், அது மாநகர வட்டாரத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

15,000 மக்கள் வாழும் ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். அதே வயல், அதே தெரு, அதே ஒழுகும் கூரை. ஆனால், அக்கவுண்டியைச் சேர்ந்த நாலில் ஒரு பங்கினர் பிழைப்பைத் தேடிப் பக்கத்து நகருக்குப் போகத் தொடங்கிவிட்டனர். அடுத்த கணக்கெடுப்புக்குப் பின் கோடு நகர்கிறது. ஊர் நகரவில்லை, ஊரின் பெயர்ப்பலகைதான் மாறுகிறது. அத்துடன் வீட்டுக் கடனுக்கான தகுதியும் போகிறது. உள்ளூரில் வேலை இல்லாமையால் வெளியூர் சென்றவர்களின் பயணமே ஊருக்குத் தண்டனையாக முடிகிறது.

இத்தீங்கை அமெரிக்கப் பாராளுமன்றம் அறியாமலில்லை. முன்பே ஊரகமாக ஏற்கப்பட்ட ஊர், ஊரகத் தன்மையை இழக்காமலும் கடன் வசதி அரிதாகவும் இருக்குமாயின், குறிப்பிட்ட மக்கட்டொகை வரை சலுகை தொடரும் என்று விலக்கு அளித்தது. அவ்வரம்பு 2014இல் 25,000இலிருந்து 35,000ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் விலக்கு என்பது காலவரையறை உடையது. அது முடியும்போதெல்லாம் மீண்டும் கேட்டுப் பெறவேண்டியுள்ளது.

வேறு சிலருக்கோ மாநகரம் என்னும் பெயரே இலாபம். மாநகர வட்டாரத்தின் முதன்மை நகரங்களும், அதனுள் 50,000 பேர் உள்ள பிற நகரங்களும் வீடு, குடிநீர், சாலை முதலியவற்றுக்கான வளர்ச்சி மானியத்தை மத்திய அரசாங்கத்திடமிருந்து நேரே பெறுகின்றன. மானியத்தில் 100க்கு 70 பங்கு இவ்வாறு நேரே செல்வது. மற்ற ஊர்கள் மாநில அரசாங்கத்தின் வாயிலாக, மீதியுள்ள 30 பங்கிற்கு ஒன்றோடொன்று போட்டியிடவேண்டும். 2021இல் மாநகர வட்டாரத்துக்கான அளவை 50,000இலிருந்து 1,00,000ஆக உயர்த்தலாம் என்றொரு யோசனை வெளியாயிற்று. அதன்படி 144 வட்டாரங்கள் மாநகரப் பெயரை இழந்திருக்கும். அவ்வூரார் திரண்டு எதிர்ப்பைத் தெரிவித்தனர். அதே ஆண்டு யோசனை கைவிடப்பட்டது. புள்ளிவிவர விதி மாறும்போது உதவித் திட்டங்களும் தாமாக அதன்பின் மாறிவிடாதபடி 2022இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. கணக்கு எழுதுவோரின் கோடும் பணம் கொடுப்போரின் கோடும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்னும் உண்மை இங்ஙனம் சட்டத்தில் ஏறியது.

நம் வாசலிலும் கோடு

இவையெல்லாம் கடல் கடந்த கதை என்று அங்கத்தினர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் இத்தகைய கோடு உண்டு. 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம், முதன்மைத் தொழிலாளரான ஆடவருள் 100க்கு 75 பேர் விவசாயமல்லாத தொழில் செய்வது ஆகிய மூன்றும் பொருந்தினால், ஊராட்சியின் கீழ் உள்ள ஊரும் கணக்கெடுப்பு நகரம் எனப்படும். 2001இல் 1,362ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 3,894 ஆயின. தறி விவசாயமன்று. ஆகவே, ஒரே தெருவில் ஏரும் தறியும் வாழும் நம் ஊர்களில், தறிகள் பெருகினாலே கணக்கில் ஊர் நகரமாகிவிடக்கூடும். சாக்கடையும் தெருவிளக்கும் வராமலே!

2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் சட்டப்படி அமைந்த நகரங்களையே எல்லையாகக் கொண்டது. ஊரகத்துக்கு 2016இல் வேறொரு திட்டம் வந்தது. இரண்டிலும் உதவித் தொகையும் தேர்வு முறையும் வெவ்வேறு. பெயரில் எவ்வளவு பொருள் உண்டு என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2004இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டன. ஊரக வளர்ச்சிக்கு மத்திய அரசாங்கம் தரும் நிதியைப் பெற வழி ஏற்படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன.

கோடு இல்லாமல் நிர்வாகம் நடவாது. எங்கேனும் ஓரிடத்தில் இழுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால், எதற்காக இழுத்த கோடு, எதற்காகப் பயன்படுகிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. வீட்டுக்கு மனு எழுதும் அங்கத்தினர், தம் ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எல்லை மாற்றம் பற்றிய அறிவிப்பு வரும்போது, சங்கங்கள் அதனை மகாசபையில் படித்து, நன்மை தீமைகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் தம் கருத்தை அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். 144 வட்டாரத்தாரின் குரல் கேட்கப்பட்டதற்குக் காரணம், காலத்தில் கூடிப் பேசியதே. தனி ஒருவரின் மனு கோப்பில் உறங்கலாம். கூடி எழுதும் மனுவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கூட்டுறவு நமக்குக் கற்பித்த முதற்பாடமும் அதுவே அன்றோ?